ஜேர்மனியில் வாங்கிய மிக்ஸியும் ஆறு பேர் வாட்ஸ்அப் குழுவும்: ஒஸ்லோ கடைக்காரருக்கு ஒரு சட்டத்தரணியின் பதில்

ஒஸ்லோவின் புறநகர் ஒன்றில் 14 வருடமாகப் பலசரக்குக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், இடம், பிராண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கடையில் அரிசி, தூள், மரக்கறியோடு ஒரு மூலையில் மிக்ஸி, குக்கர், புட்டுப்பானை. அவற்றில் ஒரு தென்னிந்திய மிக்ஸிக்கு நல்ல ஓட்டம். அதை நோர்வேக்குக் கொண்டுவருபவர் ஒரே ஒரு இறக்குமதியாளர். அவரிடம் வரி சேராமல் ஒன்று 1,450 குரோனர். போன வருடம் ஒரு கலியாணத்துக்கு ஜேர்மனி போன இடத்தில், அங்குள்ள மொத்த வியாபாரி அதே பெட்டியை, அதே இரண்டு முள் பிளக்கோடு, மூன்றில் ஒரு பங்கு குறைத்து விற்பதை வாசகர் பார்த்தார். 40 பெட்டி எடுத்துவந்து 1,690 குரோனருக்கு விற்றார். மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. இரண்டாம் முறை ஓர்டர் கொடுத்தபோது பதில் இப்படி வந்தது: “மன்னிக்கவும், நோர்வேக்கு அனுப்ப வேண்டாம் என்று கம்பனியின் ஐரோப்பிய அலுவலகம் சொல்லிவிட்டது.” அடுத்த கிழமையே இங்குள்ள இறக்குமதியாளரின் ஆள் கடைக்கு வந்து, 1,990-க்குக் குறைய விற்கக் கூடாது, விற்றால் மற்றச் சாமானும் வராது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மற்றச் சாமான் என்றால் கடையின் அரிசியில் பாதி.

வாசகர் கேட்பவை இவை. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையே, ஐரோப்பியச் சட்டம் எனக்கு உதவுமா? இவ்வளவு விலை வைப்பதே சட்டவிரோதம்தானே? பிரஸ்ஸல்ஸுக்கு எழுதினால் நட்டஈடு வாங்கித் தருவார்களா? கோயம்புத்தூரிலிருந்து நானே இறக்கினால் என்ன? கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: “நாங்கள் ஆறு கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். எல்லாரும் ஒரே விலை வைத்து, அவரிடம் வாங்காமல் விட்டால் வழிக்கு வருவார் என்று பேசிக்கொள்கிறோம். அதில் பிழை இல்லைத்தானே?”

அண்ணா, அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றவை ஒரு மாதம் பொறுக்கும். இது பொறுக்காது.

அந்த வாட்ஸ்அப் குழு

கடிதம் முழுக்க நீங்கள் பாதிக்கப்பட்டவர். கடைசி வரியில் மட்டும் எதிர்த்தரப்பில் போய் நிற்கிறீர்கள். ஒரே ஊரில் ஒரே பொருளை விற்கும் ஆறு பேர் சேர்ந்து ஒரு விலையைத் தீர்மானித்தால், போட்டிச் சட்டத்தின் கண்ணில் அதைவிடப் பெரிய பிழை இல்லை. நோர்வேயின் போட்டிச் சட்டத்தில் 10ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. நோர்வேயும் சேர்ந்திருக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பு ஒப்பந்தத்தில் (கீழே விளக்குகிறேன்) 53ஆம் உறுப்புரை, தடுக்கப்பட்டவற்றின் பட்டியலில் முதலாவதாக வைத்திருப்பதும் விலை பேசி வைப்பதைத்தான். தண்டப்பணம் உங்கள் வருட விற்பனையில் 10 வீதம் வரை போகலாம். இலாபத்தில் அல்ல, விற்பனையில். பலசரக்குக் கடையில் 10 வீதம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சம்பந்தப்பட்ட ஆட்கள்மீது குற்றவியல் வழக்குக்கும் இடம் இருக்கிறது.

“நாங்கள் சின்ன ஆட்கள், எங்களை யார் பார்க்கப் போகிறார்கள்” என்று நினைப்பீர்கள். ஒஸ்லோவுக்குத் தெற்கே ஷீ, ஃபொல்லோ பகுதிகளின் இரண்டு டாக்ஸி நிலையங்கள் அப்படித்தான் நினைத்திருக்கும். ஒஸ்லோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றியிறக்கும் ஒப்பந்தத்துக்கு இரண்டும் தனித்தனியே கேட்காமல், பொதுவாக வைத்திருந்த கம்பனி மூலம் சேர்ந்து கேள்விப்பத்திரம் போட்டன. ஒளித்துச் செய்யவும் இல்லை, இரண்டு பெயரும் பத்திரத்தில் இருந்தன. அப்படியிருந்தும் தண்டம் விழுந்தது. வழக்கு எஃப்டா நீதிமன்றத்தின் (நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் மூன்றுக்குமான நீதிமன்றம்) கருத்தையும் கேட்டுவிட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017-இல் அங்கேயும் டாக்ஸிக்காரர்கள் தோற்றார்கள்.

இன்னொன்று, உங்கள் குழுவுக்கு அச்சொட்டாகப் பொருந்துவது. லித்துவேனியாவில் பயண முகவர்கள் பலர் எத்துராஸ் என்ற ஒரே இணையப் பதிவு முறையைப் பாவித்தார்கள். 2009-இல் அந்த முறையின் நிர்வாகி எல்லாருக்கும் ஒரு தகவல் அனுப்பினார்: இனி இணையத்தில் கொடுக்கும் விலைக்கழிவு 3 வீதத்துக்கு மேல் போகாது. பெரும்பாலானவர்கள் பதில் கூடப் போடவில்லை. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? அந்தத் தகவலைப் பார்த்துவிட்டு எதிர்ப்புக் காட்டாமல், எங்கும் முறையிடாமல் இருந்தவர் அதில் பங்காளி என்றே கருத இடமுண்டு. குழுவில் நீங்கள் ஒரு கைகூப்பும் படம் போட்டீர்களா, ஒன்றும் போடாமல் இருந்தீர்களா என்பது பெரிய வித்தியாசமில்லை.

ஆகவே இன்றைக்கே குழுவில் ஒரு வரி எழுதுங்கள்: “விலை பற்றியும், யாரிடம் வாங்காமல் விடுவது என்பது பற்றியும் நான் பேச மாட்டேன். என் விலையை நானே வைப்பேன்.” அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு வெளியேறுங்கள். பழைய தகவல்களை மட்டும் அழிக்காதீர்கள். பயத்தில் முதலில் செய்யத் தோன்றுவது அதுதான், செய்யவே கூடாததும் அதுதான். இதற்குள் யாராவது விலையை உண்மையிலேயே சேர்ந்து மாற்றியிருந்தால், வேறு எதுவும் செய்வதற்கு முன் ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள். முதலில் போய் உண்மையைச் சொல்பவருக்குத் தண்டத்திலிருந்து முழு விலக்கு தரும் முறை இங்கே உண்டு. முதல் ஆள் என்பது ஒருவர்தான். ஆறு பேரில் யார் அது என்பதை நான் சொல்ல முடியாது.

ஆறு பேரும் இனி முகம் பார்க்கக் கூடாது என்று அர்த்தமில்லை. சின்னக் கடைகள் சேர்ந்து வாங்குவது வேறு விஷயம். ஒரு லொறி வாடகையைப் பகிர்ந்து ஜேர்மனியிலிருந்தோ நெதர்லாந்திலிருந்தோ சாமான் இறக்கி, பிறகு அவரவர் கடையில் அவரவர் விலையைப் போட்டால், உங்கள் அளவில் அது பெரும்பாலும் பிரச்சினையில்லாதது. எல்லை எங்கே என்றால், பெட்டி கடைக்கு வந்த பிறகு என்ன விலை ஒட்டுகிறீர்கள் என்பதை அடுத்த கடைக்குச் சொல்லக் கூடாது. அதை எழுத்தில் ஒரு சட்டத்தரணியிடம் ஒழுங்குசெய்துகொண்டு செய்யுங்கள்.

சரி, இப்போது உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருவோம்.

நோர்வே உள்ளேயா, வெளியேயா?

1972-இலும் 1994-இலும் நோர்வே மக்கள் ஒன்றியம் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். ஆனால் 1994 ஜனவரி 1-ஆம் திகதியே ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. நோர்வேக்காரர் ஈ.ஓ.எஸ். என்பது அதைத்தான். ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் மூன்றும் சேர்ந்த ஒரே சந்தை அது. வீட்டுக்குள் குடியிருக்காமல் வீட்டு ஒழுங்குக்கு மட்டும் கையெழுத்துப் போட்ட மாதிரி. போட்டி விதிகளும் அந்த ஒழுங்கில் அடங்கும். ஒப்பந்தத்தின் 53ஆம், 54ஆம் உறுப்புரைகள், ஒன்றியத்தின் சொந்த உடன்படிக்கையில் 101ஆம், 102ஆம் உறுப்புரைகளாக இருப்பவற்றை ஏறக்குறையச் சொல்லுக்குச் சொல் பின்பற்றுகின்றன. முதலாவது, இரண்டு பேர் சேர்ந்து போட்டியைக் கெடுப்பதைத் தடுக்கிறது. இரண்டாவது, சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் ஒருவர் அந்தப் பலத்தைத் தவறாகப் பாவிப்பதைத் தடுக்கிறது.

ஒன்றியத்து நாடுகளில் இதைக் கவனிப்பது ஐரோப்பிய ஆணைக்குழு. நோர்வே உறுப்பினர் இல்லாதபடியால் அந்த ஆணைக்குழு இங்கே வந்து அதிகாரம் செலுத்த முடியாது. அதற்காகவே எஃப்டா கண்காணிப்பு அதிகாரசபை என்று இன்னொன்றை உண்டாக்கினார்கள். இருப்பது பிரஸ்ஸல்ஸில், தலைமையில் நாட்டுக்கு ஒருவராக மூன்று பேர். அதன் முடிவை எதிர்த்துப் போவது லக்சம்பேர்க்கில் உள்ள எஃப்டா நீதிமன்றத்துக்கு. பல்லில்லாத அமைப்பு என்று நினைக்க வேண்டாம். 2020-இல் தொலைபேசிக் கம்பனியான டெலினோருக்கு ஏறத்தாழ 112 மில்லியன் யூரோ தண்டம் போட்டது இந்த அதிகாரசபைதான். 2022-இல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

ஆனால் ஒரு திருத்தம். “ஒரே சந்தைதானே, எல்லாச் சாமானும் இப்படித்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. பதப்படுத்தாத விவசாயப் பொருள்கள் பெரும்பாலும் இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கின்றன. நோர்வே தன் விவசாயிகளுக்காகப் பிடிவாதமாக வைத்திருக்கும் வேலி அது. உங்கள் கடையில் மிக்ஸி அடுக்கியிருக்கும் மூலைக்கு 53ஆம் உறுப்புரை வரும், அரிசி மூட்டை கிடக்கும் மூலைக்கு வராது. அங்கே நோர்வேயின் சொந்தப் போட்டிச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். அதோடு இது ஒரே சந்தையே தவிர ஒரே சுங்கம் இல்லை. எல்லையில் பத்திரம் காட்டத்தான் வேண்டும், மொம்ஸ் (பெறுமதி சேர் வரி) கட்டத்தான் வேண்டும். முதல் 40 பெட்டிக்கு அதைச் செய்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. செய்யவில்லை என்றால், யாரைப் பற்றியும் முறையிடுவதற்கு முன் உங்கள் கணக்காளரிடம் போங்கள்.

நோர்வேக்கு அனுப்பாதே என்று சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வி உங்களுக்குப் புதிது. ஐரோப்பாவுக்கு அறுபது வருடப் பழையது. ஜேர்மனியின் குருண்டிக் கம்பனி தன் வானொலிப் பெட்டிகளைப் பிரான்சில் விற்கும் உரிமையை கொன்ஸ்டன் என்ற ஒரு கம்பனிக்கு மட்டும் கொடுத்தது. மற்ற நாட்டு விற்பனையாளர்கள் பிரான்சுக்கு அனுப்பக் கூடாது என்றும் கட்டுப்படுத்தியது. இன்னொரு பிரெஞ்சுக் கம்பனி ஜேர்மனியில் வாங்கிக் கொண்டுவந்து குறைந்த விலைக்கு விற்றது. கொன்ஸ்டன் வழக்குப் போட்டது. 1966-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வேலியைச் செல்லாது என்றது. நாட்டு எல்லைகளை எடுத்துவிட்டுத்தான் பொதுச் சந்தை உண்டாக்கினார்கள். அதே எல்லையைக் கம்பனிகள் ஒப்பந்தம் எழுதித் திரும்பக் கட்டினால் சந்தை எதற்கு? ஜேர்மனியில் பெட்டி வாங்கி ஒஸ்லோவில் விற்ற உங்கள் கதை, 1960களின் அந்தக் கதைதான்.

பழைய கதையென்று கம்பனிகள் திருந்திவிடவும் இல்லை. 2019-இல் ஆன்ஹாய்சர்-புஷ் இன்பெவ் 200 மில்லியன் யூரோவுக்கு மேல் கட்டியது. நெதர்லாந்தில் மலிவாக விற்ற தன் யூப்பிலர் பியர் பெல்ஜியத்துக்குள் வராமல் தடுத்ததற்காக. 2024 மே மாதம் சொக்லேட் கம்பனியான மொண்டெலீஸுக்கு 337.5 மில்லியன் யூரோ. அதில் ஒரு குற்றச்சாட்டைப் படித்தபோது எனக்கு உங்கள் கடிதம்தான் ஞாபகம் வந்தது. ஜேர்மனியில் ஒரு வியாபாரி சொக்லேட் வாங்கி, விலை கூடிய ஒஸ்திரியா, பெல்ஜியம், பல்கேரியா, ருமேனியாவில் விற்றுவிடுவார் என்பதற்காகவே அவருக்குச் சாமான் கொடுக்க மறுத்திருக்கிறார்கள்.

இங்கேயும் உங்கள் எண்ணத்தில் இரண்டு இடத்தைத் திருத்த வேண்டும்.

ஒன்று, ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு வினியோகஸ்தர் இருப்பது சட்டவிரோதம் இல்லை. நோர்வே உங்களுக்கு மட்டும் என்று ஒருவருக்குக் கொடுக்கலாம். ஜேர்மனிக்காரர் தானாக நோர்வேயில் ஆள் வைத்து, விளம்பரம் போட்டு, கடை கடையாக ஏறி விற்பதைத் தடுக்கவும் செய்யலாம். தடுக்க முடியாதது, நீங்களாகத் தேடிப்போய்க் கேட்கும்போது அவர் கொடுப்பதை. நீங்கள்தான் தேடிப்போனீர்கள்.

இரண்டு, அந்த மொத்த வியாபாரி தன் சொந்த யோசனையில், “நோர்வேக்கு அனுப்புவது தலையிடி, வேண்டாம்” என்று முடிவெடுத்திருந்தால் உங்களுக்கு வழக்கே இல்லை. சந்தையில் ஆதிக்கம் இல்லாத வியாபாரி யாருக்கு விற்பது என்பது அவர் விருப்பம். உங்களைக் காப்பாற்றுவது அந்த மின்னஞ்சலில் உள்ள “ஐரோப்பிய அலுவலகம் சொல்லிவிட்டது” என்ற ஒரு துண்டுதான். சொன்னவர் ஒருவர், கேட்டு நடந்தவர் ஒருவர். அப்போதுதான் அது இருவருக்கிடையிலான உடன்பாடு. அந்த மின்னஞ்சலைத் தொலைபேசியில் மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

விலை அதிகம் என்பது மட்டும் குற்றமாகாது. 1,450 என்ன, 2,450 கேட்டாலும் கேட்கலாம். ஆதிக்கம் உள்ளவர் அநியாய விலை வைப்பதை 54ஆம் உறுப்புரை தொடும். ஆனால் ஒரு மிக்ஸி பிராண்டை மட்டும் எடுத்து அதையே ஒரு சந்தை என்று நிறுவுவது கடினம், பக்கத்து ராக்கையில் வேறு நான்கு மிக்ஸி இருக்கும்போது. அந்த வாதத்தை விட்டுவிடுங்கள்.

1,990-க்குக் குறையாதே

இதில் உங்கள் பக்கம் மிகவும் பலமானது. இறக்குமதியாளர் ஒரு விலையைச் சிபாரிசு செய்யலாம். இதற்கு மேல் விற்காதே என்றும் சொல்லலாம். இதற்குக் கீழே விற்காதே என்று சொல்லக் கூடாது. சிபாரிசு என்று பெயர் வைத்துவிட்டு, கேட்காவிட்டால் சாமானை நிறுத்துவேன் என்றால் அது சிபாரிசு இல்லை. (புத்தகத்துக்கு மட்டும் இங்கே தனிச் சட்டமே போட்டு நிலையான விலை வைத்திருக்கிறார்கள். மிக்ஸிக்கு அந்த யோகம் இல்லை.)

உங்கள் கணக்கையே பாருங்கள். 1,990-க்கு விற்றால் 25 வீத மொம்ஸ் போகக் கையில் 1,592. அதில் 1,450 அவருக்கு. உங்களுக்கு 142 குரோனர். ஜேர்மனிப் பெட்டியை 1,690-க்கு விற்றபோது மொம்ஸ் போக 1,352, கொள்விலை 970-க்குள். ஏற்றுகூலி கழித்தாலும் இரட்டிப்புக்கு மேல் மிஞ்சியிருக்கும். வாங்கியவருக்கும் 300 குரோனர் மிச்சம். இந்த விதிகள் இருப்பதே அந்த 300 குரோனருக்காகத்தான், அதிகாரிகளும் அதைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் நட்டப்பட்டீர்கள் என்பதைவிட, உங்கள் வாடிக்கையாளர் கூடக் கொடுக்க வேண்டிவந்தது என்பதை முன்னால் வைத்து எழுதுங்கள்.

பிரச்சினை, அந்த ஆள் வாயால் சொல்லிவிட்டுப் போனது. எழுத்தில் எதுவும் இல்லை. சண்டைக்குப் போகாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: “நீங்கள் கடைக்கு வந்தபோது 1,990-க்குக் குறைய விற்க வேண்டாம் என்று சொன்னீர்கள். அது சிபாரிசா, கட்டாயமா? குறைய விற்றால் மற்றச் சாமான் நிறுத்தப்படுமா?” பதில் எப்படி வந்தாலும் உங்களுக்கு நல்லது. கட்டாயம் என்று வந்தால் ஆதாரம். “சிபாரிசுதான், தவறாக விளங்கிவிட்டீர்கள்” என்று வந்தால் நாளைக்கே 1,690 என்று சீட்டு ஒட்டலாம். நான் பார்த்த அளவில் ஓரளவு பெரிய கம்பனிகள் இரண்டாவது பதிலைத்தான் அனுப்பும். அவர்களுக்கும் சட்டத்தரணி இருக்கிறார். அதற்கிடையில் “சரி, 1,990-க்கே விற்கிறேன்” என்று மட்டும் எழுத்தில் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த உடன்பாட்டில் நீங்களும் ஒரு தரப்பாகிவிடுவீர்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

பிரஸ்ஸல்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே இரண்டு கதவு உண்டு என்று மேலே சொன்னேன். எந்த வழக்கு ஆணைக்குழுவுக்கு, எது எஃப்டா அதிகாரசபைக்கு என்பதை ஒப்பந்தத்தின் 56ஆம் உறுப்புரை பிரிக்கிறது. அந்தக் கணக்கை நீங்கள் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. காரணம், இரண்டு இடத்திலும் எந்த முறைப்பாட்டை எடுப்பது என்பதை அவர்கள் முக்கியத்துவம் பார்த்துத் தெரிந்தெடுப்பார்கள். நாடுகளுக்கிடையிலான வர்த்தகம் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்பட்டதாகவும் காட்ட வேண்டும். 40 மிக்ஸி அதற்குப் போதுமா என்றால், நான் நம்பிக்கை தர மாட்டேன்.

எடுத்தாலும் காலம் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை. உங்கள் பக்கத்தில் எந்த சுப்பர்மார்க்கெட்டிலாவது தபால் கவுண்டர் இருக்கும். நோர்வேத் தபால் நிறுவனம் ஒரு காலத்தில் பெரிய சங்கிலிக் கடைகளோடு, வேறு பொதிச் சேவைக்கு உள்ளே இடம் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம் வைத்திருந்தது. போட்டி நிறுவனம் 2002-இல் முறையிட்டது. அதிகாரசபை 12.89 மில்லியன் யூரோ தண்டம் போட்டது 2010-இல். 2012-இல் நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்தது, ஆனால் விசாரணை இவ்வளவு இழுபட்டதற்காகத் தண்டத்தை 11.112 மில்லியனாகக் குறைத்தது. பெரிய நிறுவனத்துக்கே பத்து வருடம்.

நட்டஈடு பற்றி இன்னொரு திருத்தம். எந்தக் கண்காணிப்பு அலுவலகமும் உங்களுக்குப் பணம் வாங்கித் தராது. தண்டம் போவது உங்களுக்கில்லை. நட்டஈடு வேண்டுமானால் நோர்வே நீதிமன்றத்தில் நீங்களே வழக்குப் போட வேண்டும். அதிலும் “முறைப்பாட்டுக்கு முடிவு வரட்டும், பிறகு பார்ப்போம்” என்று சும்மா இருக்கக் கூடாது. பொதுவான காலக்கெடு, நட்டமும் அதற்குப் பொறுப்பானவரும் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம். சன்ட்பியூர்டுக்கும் சுவீடனின் ஸ்ட்ரொம்ஸ்டாட்டுக்கும் இடையிலான கப்பல் வழியில் துறைமுகத்தைத் தன்வசம் வைத்திருந்ததாக 2011-இல் கலர் லைனுக்கு 18.8 மில்லியன் யூரோ தண்டம் விழுந்தது. முறையிட்ட கம்பனி பிறகு நட்டஈடு கேட்டுப் போனபோது, பிந்திவிட்டதா இல்லையா என்ற ஒரே கேள்வியே 2018-இல் எஃப்டா நீதிமன்றம் வரை போனது.

நண்பர் ஒருவர் சொல்வித் என்ற இலவசச் சேவையைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது அரச அலுவலகம் ஒன்று ஐரோப்பிய விதியைத் தவறாக நடைமுறைப்படுத்தினால் போகும் இடம். தனியார் கம்பனிக்கு எதிராக அங்கே எதுவும் நடக்காது.

உங்களுக்கான கதவு பேர்கனில் இருக்கிறது. நோர்வேயின் போட்டிக் கண்காணிப்பு அலுவலகமான கொன்குரான்செதில்சீனெ. நோர்வேச் சட்டத்தின் 10ஆம் பிரிவையும் ஐரோப்பிய 53ஆம் உறுப்புரையையும் அதுவே நடைமுறைப்படுத்தும். 10ஆம் பிரிவுக்கு எல்லை தாண்டிய வர்த்தகத்தை நிறுவத் தேவையில்லை. பெயர் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், ஜேர்மனியிலிருந்து 40 பெட்டி இறக்கிய கடை எது என்று இறக்குமதியாளருக்கு ஏற்கெனவே தெரியும். பெயரில்லாத் தகவல் எவ்வளவு நாள் பெயரில்லாமல் இருக்கும்?

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வரிசையில் போவேன். முதலில் அரிசிக்கும் தூளுக்கும் இரண்டாவது வழங்குநர் ஒருவரைப் பிடிப்பேன், பாதிக் கடை ஒருவர் கையில் இருக்கும்வரை எந்த உரிமையும் காகிதத்தில்தான். அப்புறம் அந்தச் சிபாரிசா-கட்டாயமா மின்னஞ்சல். ஜேர்மனி வியாபாரிக்கும் ஒன்று, மரியாதையாக, நாங்களாகக் கேட்டு வாங்கும் ஓர்டரைத் தடுக்கக் கூடாது என்ற விதியைச் சுட்டிக்காட்டி. பல நேரம் சட்டத்தரணியின் ஒரு பக்கக் கடிதத்திலேயே விஷயம் முடிந்துவிடும். முடியாவிட்டால் பேர்கன். பிரஸ்ஸல்ஸ் கடைசி.

கோயம்புத்தூரிலிருந்து நேரடியாக இறக்கினால்?

இதுதான் நேர்வழி போலத் தெரியும், ஆனால் இங்கேதான் பள்ளம். அசல் பொருள், காசு கொடுத்து வாங்கியது, யார் என்ன கேட்பது என்று நினைப்பீர்கள். ஒரு காலத்தில் நோர்வேயில் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவின் மேக்லைட் டோர்ச்சை அமெரிக்காவில் வாங்கி இங்கே விற்ற ஒருவரை அந்தக் கம்பனி வழக்குக்கு இழுத்தபோது, அதை அனுமதிப்பதா இல்லையா என்பது நோர்வேயின் விருப்பம் என்று எஃப்டா நீதிமன்றம் 1997-இல் சொன்னது. 2008-இல் லொரியால் தலைமயிர்ப் பராமரிப்புப் பொருள்கள் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் திரும்பிவிட்டது. இப்போது விதி இது: பிராண்ட் சொந்தக்காரரின் சம்மதத்தோடு இந்த 30 நாடுகளுக்குள் ஏதாவது ஒன்றில் விற்பனைக்கு வந்த பொருளை நீங்கள் எங்கும் விற்கலாம். இந்தியச் சந்தைக்கென்று விற்ற அதே பொருளைச் சம்மதமில்லாமல் இங்கே கொண்டுவந்தால், வர்த்தகச் சின்னத்தை மீறியதாக அவர் உங்களை வழக்குக்கு இழுக்கலாம். ஜேர்மனியில் வாங்கிய பெட்டி உங்கள் உரிமை, கோயம்புத்தூரில் வாங்கிய பெட்டி உங்கள் தலையில் விழும்.

அதோடு நேரடியாக இறக்கினால் சட்டப்படி நீங்கள்தான் இறக்குமதியாளர். சிஇ அடையாளமும் (ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்துகிறது என்ற குறி) அதற்குப் பின்னாலுள்ள பத்திரங்களும் உங்கள் பொறுப்பு. மோட்டார் எரிந்து வீட்டில் தீப்பிடித்தால் தேடிவருவதும் உங்களைத்தான். மின்சாதனக் கழிவுக்கான திரும்பப்பெறும் நிறுவனத்தில் சேர வேண்டும். இந்தக் கடைசிக் கடமை ஜேர்மனியிலிருந்து இறக்கினாலும் வரும், விசாரித்துவையுங்கள். நீண்ட காலம் உழைக்க வேண்டிய பொருளுக்கு வாடிக்கையாளர் ஐந்து வருடம் வரை முறையிடலாம் என்பதும், அது முதலில் வந்து நிற்பது விற்ற கடையில் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஜேர்மனி வியாபாரியிடம் வாங்கும்போது பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கமும், பெட்டியில் சிஇ அடையாளமும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். சம்மதத்தோடு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த பெட்டிதான் என்று காட்ட வேண்டிவந்தால், அந்தப் பற்றுச்சீட்டுத்தான் உங்கள் கையில் இருக்கும்.

பழைய 40 பெட்டியின் பற்றுச்சீட்டு, அந்த மின்னஞ்சல், இறக்குமதியாளரின் ஆள் வந்த திகதியும் அவர் சொன்ன வார்த்தைகளும் எழுதிய ஒரு தாள், குழுவிலிருந்து வெளியேறிய படம், இந்த நான்கையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். சட்டத்தரணியிடம் போகும்போது முதல் அரை மணி நேரக் கட்டணம் மிச்சமாகும். மின்னஞ்சலுக்கு இறக்குமதியாளர் என்ன பதில் போடுகிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.